முறையான பிழை

டெக்சஸ் மாநிலத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். வாசல் கதவுக்குப் புது நிறம் அடிப்பதென்றால் வாங்க வேண்டும். ஹூஸ்டன் புறநகரில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் அதற்குக் குடியிருப்போர் சங்கத்துக்கு மனுப் போட்டு, வண்ண அட்டை இணைத்து, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். மகளின் பதினோராம் வகுப்புக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. வீட்டுப்பள்ளியும் ஒருவகைத் தனியார் பள்ளிதான் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1994-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு என்று ஐந்து பாடங்கள் ஒழுங்காக நடக்க வேண்டும், அவ்வளவுதான். நியூயார்க்கில் இருந்திருந்தால் காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். இங்கே அறிக்கை இல்லை, அரசுத் தேர்வு இல்லை, ஆய்வாளர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்வதும் இல்லை.

அந்த ஐந்தில் இயற்பியல் இல்லை என்பதை மனைவியிடம் சுட்டிக்காட்டினேன்.

“நல்ல குடிமைப் பண்பு இருக்கே. அதை நீங்க எடுக்கிறீங்களா?” என்றாள்.

இயற்பியலுக்கு ஒப்புக்கொண்டேன்.

எங்கள் வீட்டுப்பள்ளிக்கு மனைவிதான் தலைமையாசிரியை. தொழில்முறையில் அவள் ஆடிட்டர். மகள் காலையும் மாலையும் நீச்சல் பயிற்சிக்குப் போகிறாள். இரண்டுக்கும் நடுவில் பள்ளிக்கூடப் பேருந்தைத் துரத்த முடியவில்லை என்பதால்தான் இந்த ஏற்பாடு. இங்கிலீஷும் வரலாறும் மனைவி வசம். இயற்பியலுக்கு இணையத்தில் வாரம் இரண்டு நாள் நேரடி வகுப்பு நடத்தும் ஓர் ஆசிரியையைப் பிடித்தாள். அவர் பாடம் நடத்துவார், வீட்டுக்கணக்குத் தருவார், தேர்வு வைப்பார். செய்முறைகள் மட்டும் வீட்டில் நடக்க வேண்டும். பெரியவர் ஒருவர் கூடவே இருந்து பாதுகாப்பு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெரியவர் நான்.

தகுதி இல்லாமல் இல்லை. பிளஸ் டூவில் இயற்பியலில் 200-க்கு 196. அதில் பிராக்டிகல் மட்டும் 50-க்கு 50. இந்த எண்களை இந்த வீட்டில் நான் அடிக்கடி சொல்வதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் ஒருநாள் என் குரலிலேயே சொல்லிக் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது.

இதில் ‘ஆனர்ஸ்’ என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஒரே பாடத்தைச் சாதா, ஆனர்ஸ் என்று இரண்டு தரத்தில் நடத்துவார்கள். ஆனர்ஸில் முக்கோணவியல் வரும், வெக்டர் வரும், கணக்குகள் நீளும், ஒவ்வொரு செய்முறைக்கும் முழு அறிக்கை எழுத வேண்டும். மதிப்பெண் சராசரி போடும்போது அதற்குப் பல பள்ளிகளில் அரைப் புள்ளியோ ஒரு புள்ளியோ கூடுதலாகத் தருவார்கள். ஏ.பி. என்று இன்னொரு தரம் இருக்கிறதே, அந்தப் பெயர் காலேஜ் போர்டு என்ற அமைப்புக்குச் சொந்தம். பாடத்திட்டத்தை அவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்காமல் மதிப்பெண் பட்டியலில் அந்த எழுத்துகளைப் போடக் கூடாது. ஆனர்ஸ் அப்படி யாருக்கும் சொந்தமில்லை. எது ஆனர்ஸ் என்பதை அந்தந்தப் பள்ளியே முடிவு செய்யும். எங்கள் பள்ளியில் முடிவு செய்கிற அதிகாரி சமையலறை மேசையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“போட்டுட வேண்டியதுதானே? நம்ம பள்ளிக்கூடம், நம்ம பொண்ணு” என்றேன்.

“லேப் ரிப்போர்ட் எல்லாம் முழுசா, ஒழுங்கா இருந்தா போடுவேன். இல்லேன்னா சாதா இயற்பியல்தான். உங்க கையிலதான் இருக்கு.”

கத்தியை நீட்டியபடி சொன்னாள். வெங்காயத்துக்காகத்தான் நீட்டினாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் வாரத்திலேயே ஆசிரியை ஒரு சோதனை வைத்தார். கணக்கே இல்லாத 30 கேள்விகள். 1992-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹெஸ்டினஸும் அவருடைய சகாக்களும் முதலில் வெளியிட்டது. விசை, இயக்கம் பற்றி ஆளுக்குள் என்ன எண்ணம் ஊறியிருக்கிறது என்று தோண்டிப் பார்ப்பதற்காகச் செய்தது. பாடம் தொடங்கும் முன் ஒருமுறை, முடிந்த பின் ஒருமுறை மாணவர்களுக்குக் கொடுப்பார்கள். அதற்கு மதிப்பெண் கணக்கில்லை. மகளுக்குத் தைரியம் வரட்டுமே என்று பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு தாளில் விடைகளைக் குறித்துக்கொண்டே வந்தேன்.

பெரிய லாரியும் சின்னக் காரும் மோதிக்கொண்டால் எது எதன்மீது அதிக விசையைச் செலுத்தும் என்ற ரகத்தில் கேள்விகள். டெக்சஸ் நெடுஞ்சாலையில் பிக்அப் டிரக்குகளுக்கு நடுவே தினமும் சின்னக் கார் ஓட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? லாரிதான் என்று குறித்தேன். நியூட்டனின் மூன்றாம் விதியை இன்னமும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஒவ்வொரு விசைக்கும் சமமான, எதிர்த்திசையிலான விசை உண்டு. அந்த விதி லாரிக்கும் பொருந்தும் என்று எங்கள் கேள்வித்தாளில் யாரும் கேட்டதில்லை.

இன்னும் இயற்பியலே படிக்காத மகளைவிட எனக்கு இரண்டு குறைவு.

பிறகு விசாரித்ததில் ஓர் ஆறுதல் கிடைத்தது. ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற பேராசிரியர் இதற்கு முன்னோடியான சோதனையைத் தம் மாணவர்களுக்கு வைத்தாராம். பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுத் தள்ளுகிற பிள்ளைகள் அதில் தடுமாறினார்களாம். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதுவதா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதுவதா என்று ஒரு மாணவர் கேட்டாராம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் பாடம் நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டார். ஆக, நானும் ஹார்வர்டு மாணவர்களும் ஒரே நிலை என்று இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்தேன். மனைவி ரசம் ஊற்றினாள். வேறெதுவும் சொல்லவில்லை.

பெட்டி வந்தது. சுருள்வில் தராசு, கப்பிகள், எடைகள், லென்சு, முப்பட்டகம், இசைக்கவை, மல்டிமீட்டர். எங்கள் பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி, சாவியை அட்டெண்டர் இடுப்பில் வைத்திருந்த பொருள்கள் ஓர் அட்டைப்பெட்டியில் வாசல்படிக்கு வந்து, மழையில் நனைந்தபடி கிடந்தன. சாய்தளம் மட்டும் நாமே செய்துகொள்ள வேண்டும். மரக்கடைக்குப் போய் இரண்டுக்கு நாலு அங்குலச் சட்டம் ஒன்று வாங்கி வந்தேன். அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை இருந்தது. ஏமாற்றிவிட்டான் என்று திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பியவனை மகள் தடுத்தாள். அமெரிக்காவில் இரண்டுக்கு நாலு என்பது பெயர்தானாம், அறுத்துக் காயவைத்து இழைத்த பிறகு ஒன்றரைக்கு மூன்றரைதான் இருக்குமாம், எல்லாருக்கும் தெரியுமாம். எல்லாருக்கும் தெரிந்தும் அளவை மாற்றாமல் பெயரையும் மாற்றாமல் இருக்கிற இந்த நாட்டில்தான் 1999-இல் ஒரு குழு பவுண்டுக் கணக்கிலும் இன்னொரு குழு நியூட்டன் கணக்கிலும் வேலை பார்த்து, செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலத்தைத் தொலைத்தார்கள்.

சட்டத்தில் பள்ளம் செதுக்கி, இரண்டு மீட்டர் ஓட்டத்துக்கு ஒரு முனையைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்தி, எஃகுக் குண்டை உருட்டினோம். 1638-இல் கலிலியோ அச்சிட்ட புத்தகத்தில் இருக்கிற அதே சோதனை. அவரிடம் கடிகாரம் இல்லை. வாளியிலிருந்து ஒழுகிய தண்ணீரை எடை போட்டு நேரத்தைக் கணக்கிட்டார். எங்களிடம் தொலைபேசி இருந்தது, நான் இருந்தேன். முடுக்கம் 0.49 வர வேண்டும் என்று முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துவிட்டேன். 0.35 வந்தது.

“உராய்வு” என்றேன். இயற்பியலில் எது இடித்தாலும் உராய்வு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்பது என் அனுபவம். குண்டைத் துடைத்தோம், பள்ளத்துக்கு மெழுகு தேய்த்தோம். அதே 0.35. உயரத்தை இரட்டிப்பாக்கினோம். 0.98 வர வேண்டிய இடத்தில் 0.70 வந்தது. ஹூஸ்டனின் ஈரப்பதம், டெக்சஸ் மரத்தின் தரம் என்று நான் விசாரணையை விரிவுபடுத்திக்கொண்டிருந்தபோது மனைவி வந்து அட்டவணையை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இயற்பியல் தெரியாது. காணாமல் போகிற தொகைகளைப் பற்றித் தெரியும்.

“ரெண்டு தடவையும் ஏழில் ரெண்டு பங்கு குறையுது. இவ்வளவு கச்சிதமா எதுவும் தானா தொலையாது. யாரோ எடுத்திருக்காங்க.”

மகள் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். “அப்பா, அது வழுக்கிட்டு வரல. உருண்டுட்டு வருது” என்றாள். எடுத்தது யார் என்று தெரிந்துவிட்டது. கீழே இறங்குகிற ஆற்றலில் ஒரு பங்கைச் சுழல்வதற்கே குண்டு செலவழித்துவிடுகிறது. திண்மக் கோளம் உருண்டால், வழுக்கும்போது கிடைப்பதில் ஏழில் ஐந்து பங்கு முடுக்கம்தான் கிடைக்கும். இந்தச் சூத்திரத்தை நானும் படித்தவன். நிலைமத் திருப்புத்திறன் என்ற பாடத்தில், இரண்டு மதிப்பெண் கேள்வியாக. அது இரண்டு மதிப்பெண்ணோடு நிற்காமல் வீட்டுக்குள் உருண்டு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

அறிக்கையின் கடைசிப் பகுதியில் பிழைகளுக்கான காரணங்களை எழுத வேண்டும். மகள் ‘மனிதத் தவறு’ என்று எழுதி அனுப்பினாள். ஆசிரியை சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். அப்படி ஒரு காரணம் அறிவியலில் கிடையாதாம். எந்த மனிதர், என்ன செய்தார், அதனால் அளவு எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று எழுத வேண்டுமாம்.

இதற்குப் பிறகு வீட்டில் ஒரு விசாரணைக் கமிஷன் அமைந்தது. என் கைவிரல்களுக்கு நடுவே மகள் ஓர் அளவுகோலைத் தொங்கவிட்டுச் சொல்லாமல் கைவிட்டாள். 25 சென்டிமீட்டர் நழுவிய பிறகுதான் பிடித்தேன். விநாடியில் கிட்டத்தட்ட 0.23. மனைவி 12 சென்டிமீட்டரில் பிடித்தாள், 0.16. வீட்டில் கைதவறுகிற தம்ளர்களைப் பிடிப்பது எப்போதும் அவள்தான் என்பதால் எனக்கு இதில் வியப்பில்லை. ஆனால் குண்டு கீழே வந்து சேர்வதை மெதுவோட்டக் காணொளியாக எடுத்து என் கடிகாரத்தோடு ஒப்பிட்டதில் இன்னொன்று வெளியே வந்தது. நான் தாமதமாக நிறுத்தவில்லை. வரப்போகிறது, வரப்போகிறது என்ற ஆவலில், வந்து சேர்வதற்கு முன்பே ஒவ்வொரு தடவையும் நிறுத்தியிருந்தேன்.

புதிய அறிக்கையில் மகள் இரண்டு வகைப் பிழைகளைப் பிரித்து எழுதினாள். ஒன்று ஒழுங்கற்றது; ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும்; பலமுறை அளந்து சராசரி எடுத்தால் சுருங்கிவிடும். மற்றது எப்போதும் ஒரே பக்கமாக, ஒரே அளவு தள்ளி நிற்கும். ஆயிரம் முறை அளந்தாலும் சராசரியில் கரையாது. காரணத்தைக் கண்டுபிடித்துக் கருவியை மாற்றினால்தான் உண்டு. இதற்கு எடுத்துக்காட்டாகக் கடிகாரம் இயக்கியவரின் பெயருக்கு முன்னால் ‘திரு’ போட்டிருந்தாள். ஆசிரியை முழு மதிப்பெண் கொடுத்து, ‘மிகச் சிறந்த பகுப்பாய்வு’ என்று எழுதியிருந்தார். மனைவி அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு பிரதி எடுத்தாள். எதற்கு இரண்டு என்று நான் கேட்கவில்லை.

கருவி மாற்றப்பட்டது. கடிகாரம் மகள் கைக்குப் போனது. எனக்குச் சுற்றுகிற வேலை கொடுத்தார்கள். ஒரு குழாய்க்குள் நூலை விட்டு, மேல் முனையில் ரப்பர் கார்க்கையும் கீழ் முனையில் வாஷர்களையும் கட்டி, தலைக்கு மேலே கார்க்கை வட்டமாகச் சுற்ற வேண்டும். வாஷர்களின் எடைதான் கார்க்கை வட்டப்பாதையில் இழுத்துப் பிடிக்கிற மையநோக்கு விசை. வீட்டுக்குள் செய்தால் மின்விசிறி போய்விடும் என்று முன்புல்வெளியில் லுங்கியோடு நின்று சுற்றினேன். எதிர்வீட்டுக்காரர் தம் பிக்அப் டிரக்கைக் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மார்ச் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஹூஸ்டனில் அது ரோடியோ மாதம். நகரமே தொப்பியும் பூட்ஸுமாகத் திரியும்.

“மாடு பிடிக்கப் பழகுகிறாயா?” என்று கேட்டார்.

“இல்லை, ஆனர்ஸ் பிசிக்ஸ்” என்று நான் திரும்பிய கணத்தில் நூல் அறுந்தது. கார்க் அவருடைய டிரக்கின் பின்தொட்டியில் போய் ‘டங்’ என்று விழுந்தது. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க, மகள் குறிப்பேட்டில் படம் வரைந்துகொண்டிருந்தாள். வெளிப்பக்கமாகத் தெறிக்கவில்லையாம், அறுந்த இடத்தில் வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்தால் அது நேராக டிரக்குக்குப் போகிறதாம். மனிதருக்கு மகிழ்ச்சி. தாமும் ஒருமுறை சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டு வாங்கிச் சுற்றினார். என்னைவிட நன்றாகவே சுற்றினார். டெக்சஸ்காரர்.

நிலைமின்சாரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சீப்பால் தலை வாரிக் காகிதத் துணுக்குகளைத் தூக்க வேண்டும். ஹூஸ்டன் காற்றில் இருக்கிற ஈரத்தில் மின்னூட்டம் சேர்வதற்கு முன்பே கசிந்துவிடுகிறது. அதோடு வாருவதற்கு என்னிடம் முடியும் கொஞ்சம் குறைவு.

இந்தக் கட்டத்தில்தான் மாமனாரும் மாமியாரும் விருதுநகரிலிருந்து வந்து இறங்கினார்கள். மாமனார் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் முதுகலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த மூன்றாம் நாள் விமானக் களைப்புத் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “மாப்பிள்ளை, அப்சர்வேஷன் நோட்டு எங்கே?”

ஒரு வழியாக என் தரப்புக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார் என்று நம்பினேன். எங்கள் காலத்துச் செய்முறையின் நெளிவுசுளிவு மகளுக்கும் மனைவிக்கும் புரியாது. அவர்கள் அளந்துவிட்டு விடையைத் தேடுகிறார்கள். நாங்கள் விடையிலிருந்து கிளம்பி ரீடிங்குக்கு வந்து சேர்கிறவர்கள். சோனாமீட்டரில் மின்சாரத்தின் அதிர்வெண் 50 வர வேண்டும்; எனக்கு வந்தது. ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தின் கோணம் 60 டிகிரி வர வேண்டும், வந்தது. சோடியம் விளக்கு எரியாத அன்றும் வந்தது. இந்த நாட்டு மின்சாரத்துக்கு அதிர்வெண் 60 என்று தெரிந்த அன்று எனக்கு ஏற்பட்ட கலக்கம், விசா நேர்காணலில்கூட ஏற்பட்டதில்லை.

அடுத்தது தனி ஊசல். பெட்டியில் வந்த குண்டு நீச்சல் பையோடு எங்கோ போய்விட்டதால், மாமியார் கொண்டுவந்திருந்த சின்னப் பித்தளைச் செம்பைக் கட்டித் தொங்கவிட்டோம். பின்கட்டு உத்தரத்திலிருந்து நூல் சரியாக ஒரு மீட்டர், அளந்தவன் நான். மகள் காணொளி எடுத்து எண்ணினாள். 20 அலைவுக்கு 41.0 விநாடி. போட்டுப் பார்த்தால் புவியீர்ப்பு முடுக்கம் 9.39.

மகள் எழுதிக்கொண்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. 9.39 என்பதை ஒரு தமிழ்நாட்டு மாணவன் பேனாவால் எழுத முடியாது, கை நின்றுவிடும். மாமனார் பக்கமாகச் சாய்ந்து, மகளுக்குக் கேட்காதபடி, “41-ஐ 40.1-னு போட்டா 9.8 வந்துரும் மாமா” என்றேன்.

ஆடிட்டருக்குக் கேட்டுவிட்டது. உள்ளேயிருந்து, “யாரு அங்க என்ட்ரியை மாத்துறது?” என்று குரல் வந்தது.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஊர் ஊரா எக்ஸ்டர்னலாப் போயிருக்கேன் மாப்பிள்ளை. எல்லாப் பயலும் 9.8-னுதான் எழுதியிருப்பான். ஒருத்தனோ ரெண்டு பேரோ 9.4, 10.1-னு எழுதிட்டு அழுவுற மாதிரி நிப்பான். அவன்தான் அளந்தவன். அவனுக்கு முழு மார்க் போட்டுட்டு மத்தவனையெல்லாம் ரெண்டு கேள்வி கேட்பேன்.”

பிறகு எழுந்து போய், செம்பை விரலால் நிறுத்தி, மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நான் ஒரு மீட்டர் அளந்தது முடிச்சுவரை. ஊசலின் நீளமோ முடிச்சில் முடிவதில்லை. தொங்குகிற பொருளின் ஈர்ப்பு மையம்வரை அளக்க வேண்டும். “நூலை அளந்திருக்கீங்க. செம்பு எங்க போச்சு?” என்றார். பேத்தியிடம், செம்பைப் பக்கவாட்டில் விரல்மீது வைத்துச் சாயாமல் நிற்கிற இடத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார். கழுத்திலிருந்து நாலரை சென்டிமீட்டர். நீளத்தை 1.045 என்று மாற்றிப் போட்டாள். 9.82.

“ரவுண்டு பண்ணி 9.8-னே…” என்று ஆரம்பித்தேன். மூன்று தலைமுறையும் சேர்ந்து திரும்பிப் பார்த்ததால் விட்டுவிட்டேன்.

ஒளியின் வேகத்தை அளக்கிற செய்முறையை நான் முழு மனதோடு வரவேற்றேன்; அதற்குக் கருவி அப்பளம். நுண்ணலை அடுப்புக்குள் அலைகள் சுவரில் மோதித் திரும்பி, சில இடங்களில் சூடு அதிகமாகவும் சில இடங்களில் சூடே இல்லாமலும் ஒரு நிலையான கோலம் போடுகின்றன. சாப்பாடு ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் வேகாமல் போகக் கூடாது என்பதற்காகத்தான் உள்ளே தட்டு சுழல்கிறது. தட்டைக் கழற்றிவிட்டு, ஒரு சாதாரணத் தட்டில் சின்ன அப்பளங்களை இடைவெளி இல்லாமல் பரப்பி அரை நிமிடம் ஓடவிட்டால், சூடான இடங்களில் மட்டும் வெள்ளையாகப் பொரிந்து, மற்ற இடங்கள் மஞ்சளாகவே கிடக்கும். அடுத்தடுத்துப் பொரிந்த இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரம் அரை அலைநீளம். அதை இரண்டால் பெருக்கி, அடுப்பின் முதுகில் ஒட்டியிருக்கிற அதிர்வெண்ணால் பெருக்கினால் ஒளியின் வேகம். அடுப்பின் முதுகில் 2450 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது.

எண்ணெய்ச் சட்டி இல்லாமல் அப்பளம் பொரிப்பதை மாமியார் ஆட்சேபித்தார். விஞ்ஞானம் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினோம். “விஞ்ஞானத்துக்கு உளுந்தப்பளமா? அரிசி அப்பளம் போதாதா?” என்றார். மகள் பொரிந்த இடங்களைப் பேனாவால் குறித்து, பல ஜோடிகளுக்குத் தூரத்தை அளந்து சராசரி எடுத்தாள். 6.2 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் விநாடிக்கு 30.4 கோடி மீட்டர். உண்மை அளவு 30 கோடிக்குச் சற்றுக் குறைவு. சமையலறையில், மாமியாரின் கோபத்துக்கு நடுவில், ஒன்றரை சதவீதத்துக்குள். அடுப்புக்குள் அலைகள் இவ்வளவு எளிய கோலம் போடுவதில்லை, முப்பரிமாணத்தில் குழம்பிக் கிடக்கும், நல்ல எண் வந்ததில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு என்று மகளே அறிக்கையில் எழுதினாள். அதிர்ஷ்டத்தை எழுத்தில் ஒப்புக்கொள்கிற பழக்கம் அவளுக்கு என் பக்கத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை.

இரண்டாம் சுற்றுக்கான தட்டை அவள் அடுப்பிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு அளவுகோல் தேடப் போனாள். ரசம் சாதம் என் முன்னால் இருந்தது. அறிக்கையில் அந்த இடத்தில் இப்படி இருக்கிறது: ‘இரண்டாம் முயற்சியின் மாதிரிகள் அளப்பதற்கு முன் ஆய்வகப் பணியாளரால் உட்கொள்ளப்பட்டன.’

மே மாதம் மனைவி கல்லூரி விண்ணப்பத்துக்கான காகிதங்களைத் தயார் செய்தாள். வீட்டுப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் பட்டியலோடு ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு விவரக்குறிப்பும் இணைப்பது வழக்கம். என்ன புத்தகம், யார் நடத்தினார், என்னென்ன செய்முறை. இயற்பியல் என்ற வரிக்கு எதிரே ஆனர்ஸ் என்று அடித்திருந்தாள். கண் நிறைந்தது. கீழே ஆசிரியர் என்ற இடத்தில் இணைய ஆசிரியையின் பெயர். செய்முறை என்ற இடத்தில் ஊசல், சாய்தளம், வட்ட இயக்கம், நுண்ணலை என்று வரிசையாக. முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன்.

“என் பேரு?”

“போட்டேன். அப்புறம் ஆனர்ஸா சாதாவான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. எடுத்துட்டேன்.”

மாமனார் செய்முறை அறிக்கைகளையெல்லாம் நூலால் கோத்து ஒரு ரெக்கார்டு நோட்டாகத் தைத்துக்கொண்டிருந்தார். ஊருக்குக் கிளம்புவதற்கு முன் பேத்திக்கு முறைப்படி செய்முறைத் தேர்வு வைத்துவிட்டுத்தான் போவாராம். சாப்பாட்டு மேசையை ஒதுக்கி, அவளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். சிவப்புப் பேனாவால் பக்கத்துக்குப் பக்கம் ‘சரி’ போட்டார். கடைசியில் 50-க்கு 47 என்று எழுதிச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார்.

பெருந்தன்மையாக இருக்க நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். “நாப்பத்தேழே பெரிசுதான் மாமா. எங்க எக்ஸ்டர்னல் எனக்கு அம்பதுக்கு அம்பதே போட்டாரு.”

“எந்த ஊரு பள்ளிக்கூடம்னு சொன்னீங்க?”

சொன்னேன். பெண் பார்க்க வந்தபோது ஜாதகம் பார்த்தார்கள், சம்பளம் கேட்டார்கள். பிளஸ் டூ பிராக்டிகல் எந்த ஊரில் எழுதினேன் என்று யாரும் கேட்கவில்லை. எந்த வருஷம் என்று கேட்டார். அதையும் சொன்னேன். பேனாவை மூடினார். மேலே பார்த்தார்.

“ஒரு வேப்பமரம், பக்கத்துல சைக்கிள் ஷெட், மாடியில லேப்பு. சோடியம் லைட்டு எரியல.”

“ஆமா மாமா.”

“அறுபது பேரு. பூராப் பேருக்கும் அம்பது போட்டேன் மாப்பிள்ளை. அஞ்சே காலை விட்டா அந்த ஊருக்கு அடுத்த பஸ் ராத்திரி எட்டு மணிக்குத்தான்.”

மனைவி சமையலறையிலிருந்து இரண்டாம் பிரதியை எடுத்து வந்து அப்பாவிடம் படிக்கக் கொடுத்தாள்.